வட்டாரத் தேர்தலிலும் ஒன்று, இரண்டு, மூன்று: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 மே 6 இரவு. மட்டக்களப்பில் ஒரு பாடசாலை வகுப்பறையில் வட்டார வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சுயேச்சைக் குழு ஒன்றின் முகவராக நான் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சீட்டுகள் மேசையில் கட்சிவாரியாகக் குவிந்தன. ஒரே ஊர் மக்கள்தான். மழை வந்தால் எல்லார் முற்றத்திலும் ஒரே வெள்ளம்தான். ஆனால் சீட்டுகள் ஏழு குவியலாகப் பிரிந்துகிடந்தன. வென்ற குவியலை மற்ற ஆறோடும் வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். மற்ற ஆறு பேரில் நான்கு பேர் ஏறக்குறைய ஒரே விடயத்தைச் சொல்லித்தான் வாக்குக் கேட்டிருந்தார்கள்.

சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து பேர் சேர்ந்து, உள்ளூராட்சித் தேர்தலிலும் மக்கள் 1, 2, 3 என்று வரிசையாக விருப்பத்தைக் குறிக்கும் தரவரிசை வாக்குக்கு இடம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினோம். இப்போது பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், "அக்கா, நாங்களும் செய்யலாமா, எங்க தொடங்குறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கையில் இருப்பதை முதலில் பாருங்கள்

தரவரிசை வாக்கு என்றதும் வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று சிலர் நினைப்பார்கள். அப்படியில்லை. 1982இல் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலிலிருந்தே நம் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று போடலாம். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவரில் யாருக்கு அடுத்த விருப்பு இருக்கிறது என்று பார்ப்பார்கள். இந்த இரண்டாம் எண்ணிக்கை முதல் தடவையாகத் தேவைப்பட்டது 2024 செப்டெம்பர் 21 தேர்தலில்தான்.

அந்தத் தேர்தலின் கணக்கைப் பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கூட்டத்திலும் உதவும். முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915, சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. மற்ற எல்லா வேட்பாளர்களுக்கும் சேர்த்து 33 இலட்சத்துக்கும் மேல். நம் மாவட்டத்தைச் சேர்ந்த பா. அரியநேத்திரன் பெற்ற 226,343 வாக்குகளும் அதற்குள்தான் அடங்கும். இந்த 33 இலட்சம் சீட்டுகளிலிருந்து முதல் இருவருக்கும் போய்ச் சேர்ந்த விருப்பு வாக்குகள் எத்தனை? திசாநாயக்கவுக்கு 105,264, பிரேமதாசவுக்கு 167,867. கூட்டினால் 273,131. நூற்றுக்கு எட்டுச் சீட்டுதான்!

மிச்சமுள்ள சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் மக்கள் ஒரு புள்ளடியோடு நிறுத்திக்கொண்டார்கள், அல்லது அந்த இருவரில் ஒருவரையும் எழுதாமல் விட்டார்கள். அதனால் இரண்டாம் எண்ணிக்கைக்குப் பிறகும் வென்றவரின் 5,740,179 வாக்குகள் செல்லுபடியான மொத்த வாக்குகளில் பாதியைத் தொடவில்லை. அவர் நியாயமாகத்தான் வென்றார். நான் சொல்ல வருவது வேறு. 42 வருடம் கையில் இருந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்று நம் ஊர்களில் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. சட்டத்தை மாற்றக் கேட்பது ஒரு வேலை. சொல்லிக்கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவது இல்லாமல் முதலாவதால் பயனில்லை.

சொல்லில் வழுக்கி விழாதீர்கள்

"விருப்பு வாக்கு" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு விடயங்களுக்குச் சொல்கிறோம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்டபின் மூன்று வேட்பாளர் இலக்கங்களுக்குப் புள்ளடி போடுகிறோமே, அதுவும் விருப்பு வாக்குத்தான். ஆனால் அதில் வரிசை கிடையாது. மூன்றும் சமம். ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் அடிபடுவதற்குக் காரணமும் அந்த முறைதான். நீங்கள் போய் "விருப்பு வாக்கு வேண்டும்" என்று சொன்னால், கேட்பவர் மனதில் வருவது சுவரொட்டிச் சண்டையும் இலக்கச் சண்டையும்தான். அதற்குப் பிறகு என்ன விளக்கினாலும் ஏறாது.

நாங்கள் இதை அனுபவத்தில்தான் கற்றோம். இப்போது எழுத்தில் "தரவரிசை வாக்கு" என்கிறோம். வாய்ப்பேச்சில் "ஜனாதிபதித் தேர்தல் மாதிரி ஒண்டு, ரெண்டு, மூண்டு போடுறது" என்று சொன்னால் உடனே விளங்கிவிடுகிறது.

இப்போதைய முறையை ஒழுங்காகப் படியுங்கள்

இதைப் படிக்காமல் கூட்டத்துக்குப் போனால், முன்வரிசையில் இருக்கிற ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் முதல் கேள்விக்கே தடுமாறுவீர்கள். 2018 பெப்ரவரி 10 தேர்தலிலிருந்து உள்ளூராட்சியில் கலப்பு முறை நடக்கிறது. உறுப்பினர்களில் 60 சதவீதம் வட்டாரங்களிலிருந்து, 40 சதவீதம் கட்சியோ குழுவோ கொடுக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்து. நாம் போடுவது ஒரே ஒரு புள்ளடி. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரே இருக்காது. கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும்தான். அந்த ஒரு புள்ளடியை இரண்டு தடவை பயன்படுத்துகிறார்கள். முதலில், வட்டாரத்தில் அதிகம் எடுத்தவர் வெல்கிறார், நூற்றுக்கு முப்பது எடுத்திருந்தாலும் சரி. பிறகு சபை முழுவதும் ஒவ்வொரு கட்சியும் பெற்ற வாக்குகளைக் கூட்டி, அதற்கு எத்தனை ஆசனம் உரித்து என்று கணக்குப் பார்த்து, வட்டாரத்தில் வென்றதைக் கழித்து, மிச்சத்தைப் பட்டியலிலிருந்து கொடுக்கிறார்கள். உரித்தைவிடக் கூடுதலாக வட்டாரங்களை வென்ற கட்சி அவற்றை வைத்துக்கொள்ளும். சபை அந்த அளவு பெருகும். முன்பு நாடு முழுவதும் 4,486 ஆக இருந்த உள்ளூராட்சி உறுப்பினர் தொகை 8,000ஐத் தாண்டியது இந்த முறை வந்த பிறகுதான்.

யாருக்கும் பாதிக்கு மேல் ஆசனம் இல்லாத சபையில் தவிசாளரை உறுப்பினர்களே வாக்கெடுத்துத் தெரிவு செய்கிறார்கள். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு. ஊர் மக்கள் போட்ட வாக்கு கடைசியில் ஒரு குலுக்கலில் போய் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

தரவரிசை வாக்கு வட்டார வெற்றியைத்தான் சீர்செய்யும். பட்டியல் பகுதியைத் தொடத் தேவையில்லை. இந்த எல்லையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் பின்னால் பெரிய பிழை விடுவீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் பரிசோதனையை உங்கள் சங்கத்தில் செய்யுங்கள்

என்னைக் கேட்டால் வேலையில் முக்கால்வாசி இதுதான். கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) கொழும்புக்கும் கடிதம் எழுத முன்னர், உங்கள் ஊரில் நாற்பது ஐம்பது பேர் தங்கள் கையால் ஒருமுறை வரிசையிட்டு, தங்கள் கண்ணால் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம் எதுவானாலும் சரி. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் தெரிவையோ பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவையோ முதல் பரிசோதனைக்கு எடுக்காதீர்கள். அங்கே குடி (வம்சம்) பார்க்கும் வழக்கம், பழைய கோபதாபம் எல்லாம் குறுக்கே வரும். ஆள் தெரிவைவிட விடயத் தெரிவோடு தொடங்குவது நல்லது.

நாங்கள் எடுத்த கேள்வி இதுதான்: பிரதேச சபையிடம் இந்த வருடம் ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பது? வடிகான், தெருவிளக்கு, மைதானம், வாசிகசாலை. ஞாயிறு பின்னேரம் சங்கக் கட்டிடத்தில் பாய் விரித்து 45 பேர் இருந்தோம். கொப்பித்தாளை நாலாகக் கிழித்துச் சீட்டு. எழுத்து வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் கீறியிருந்தோம். பெட்டிக்குப் பதிலாக ஒரு மூடியுள்ள வாளி.

முதல் குவியல் இப்படி வந்தது: மைதானம் 16, வடிகான் 14, தெருவிளக்கு 12, வாசிகசாலை 3. இந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். "இப்ப முடிச்சா எது வெல்லுது?" மைதானம். "எத்தனை பேர் மைதானத்தைக் கேக்கல்ல?" 29 பேர். இந்த எண் கூட்டத்துக்குள் இறங்க ஒரு நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டு விளக்கம் சொல்லாதீர்கள்.

பிறகு கடைசியாக வந்த வாசிகசாலையின் மூன்று சீட்டுகளையும் எடுத்து, இரண்டாம் விருப்பை உரத்து வாசித்தோம். இரண்டு தெருவிளக்குக்கு, ஒன்று வடிகானுக்கு. இப்போது மைதானம் 16, வடிகான் 15, தெருவிளக்கு 14. இன்னும் யாருக்கும் பாதிக்கு மேல், அதாவது 23 இல்லை. தெருவிளக்கு வெளியே. அந்தப் பதினாலு சீட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். வடிகானுக்குப் பதினொன்று, மைதானத்துக்கு இரண்டு, ஒரு சீட்டில் அடுத்த விருப்பு எழுதப்படவில்லை. அதைத் தனியாக ஒதுக்கி வைத்தோம். முடிவு: வடிகான் 26, மைதானம் 18.

மைதானம் கேட்ட பொடியன்கள் முகம் சுண்டியது உண்மை. ஆனால் அவர்களே சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்ததால் சண்டை வரவில்லை. எண்ணுவதற்கு எப்போதும் தோற்கக்கூடிய பக்கத்து ஆட்களையும் இருத்துங்கள்.

அன்று நான் கற்றுக்கொண்டது வேறொன்று. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியம்மா ஒன்று மட்டும் போட்டுவிட்டுச் சீட்டை மடித்தார். "ரெண்டாவது போடல்லையா பெரியம்மா?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக் காதுக்குள் சொன்னார்: "புள்ள, ரெண்டு போட்டா ஒண்டுட பலம் குறைஞ்சு போகும் எண்டல்லோ சொன்னாங்க." யாரோ எப்போதோ ஒரு தேர்தலில் சொல்லி வைத்தது. நான் அவருடைய பக்கத்தில் இருந்து, பெட்டிக் கடைக் கதை ஒன்று சொன்னேன். பேரனைக் கடைக்கு அனுப்பும்போது, "சிவப்பரிசி மா வாங்கு, இல்லாட்டி வெள்ளை மா வாங்கு" என்கிறோம். சிவப்பரிசி மா இருக்கும் வரைக்கும் கடைக்காரர் வெள்ளை மாவைத் தொடமாட்டார். இரண்டாவது சொல்லாவிட்டால் பேரன் வெறுங்கையோடு வருவான். அவர் சீட்டைத் திரும்ப விரித்தார். 2024இல் நாடு முழுவதும் வீணாய்ப்போன இரண்டாம் விருப்புகளில் எத்தனை இந்தப் பயத்தால் போனதோ என்று அன்று நினைத்தேன். உங்கள் ஊரிலும் யாராவது இதே கேள்வியைக் கேட்பார்கள். உங்கள் ஊர்க் கதை ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

ஒரு வேறுபாட்டையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். ஜனாதிபதித் தேர்தலில் மூன்றாம் இடத்திலும் அதற்குக் கீழேயும் உள்ள எல்லாரும் ஒரே அடியில் வெளியேறுவார்கள். நாங்கள் பாயில் செய்தது ஒவ்வொருவராக, கடைசியிலிருந்து நீக்குவது. அவுஸ்திரேலியாவில் பாராளுமன்றக் கீழ்ச்சபைக்கு 1918 முதல் இப்படித்தான் எண்ணுகிறார்கள். இரண்டில் எது வேண்டும் என்று உங்கள் குழு முதலே தீர்மானிக்க வேண்டும். எனக்கு ஒவ்வொருவராக நீக்குவதே நல்லதாகப் படுகிறது. மூன்றாவதாக நிற்பவர் கீழே உள்ளவர்களின் ஆதரவோடு மேலே ஏற அதில் இடம் உண்டு.

வட்டாரக் கணக்கைக் கையில் எடுங்கள்

அடுத்து, உங்கள் சபையின் வட்டாரவாரியான பெறுபேறு வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் ஒரு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள் என்று 12 உள்ளன. எல்லாவற்றையும் தொடாதீர்கள். உங்களுடையதை மட்டும் எடுங்கள்.

கிடைக்காத விபரம் இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். தமிழிலேயே எழுதலாம். "ஏன் கேட்கிறாய்" என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன் பிறகு ஆணைக்குழு. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் அதைக் கேட்காமல் வந்து, இரண்டு மாதம் அலைந்திருக்கிறேன்.

கணக்குக் கிடைத்ததும் ஒரேயொரு அட்டவணை போடுங்கள்: வட்டாரம், வென்றவர் பெற்ற சதவீதம், பாதிக்கு எவ்வளவு குறைவு. வேறு அலங்காரம் வேண்டாம். கட்சிப் பெயரை எழுதாமல் விட்டால் இன்னும் நல்லது. எழுதினால் எல்லாரும் தங்கள் கட்சியைத் தேடுவார்கள்; விடயத்தைப் பார்க்கமாட்டார்கள்.

யாரிடம் கேட்பது?

இங்கேதான் புதியவர்கள் மிகவும் களைத்துப்போகிறார்கள். அமெரிக்காவில் பல இடங்களில் ஒரு நகரம் தன் வாக்கெடுப்பு முறையைத் தானே மாற்றிக்கொள்ளலாம். நியூயோர்க் நகர மக்கள் 2019இல் வாக்களித்து மாற்றி, 2021 வேட்பாளர் தெரிவில் பயன்படுத்தினார்கள். அதை வாசித்துவிட்டு மாநகர முதல்வரிடம் போய் "நீங்கள் மாற்றுங்கள்" என்று கேட்டுப் பயனில்லை. நம் நாட்டில் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ அந்த அதிகாரம் இல்லை. மாகாண சபைக்கும் இல்லை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு வந்த ஒன்பதாம் அட்டவணையில், உள்ளூராட்சித் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தல்களும் மத்திக்கு ஒதுக்கப்பட்ட விடயம். கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்த பிறகு தேர்தலே நடக்கவில்லை என்பது இன்னொரு வேதனை.

மாற வேண்டியது உள்ளூராட்சி அதிகாரசபைகள் தேர்தல் கட்டளைச்சட்டம். அதை மாற்றக்கூடியது பாராளுமன்றம். அரசியலமைப்பைத் தொடத் தேவையில்லை என்பது நமக்கு நல்ல செய்தி. அதனால் உங்கள் கடிதம் போகவேண்டிய இடங்கள் இவை: உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லாரும், கட்சி பாராமல், உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சு, இராஜகிரியவில் உள்ள தேர்தல்கள் ஆணைக்குழு. ஆணைக்குழுவால் சட்டத்தை மாற்ற முடியாது, ஆனால் அது சொல்லும் நடைமுறைக் கருத்துக்கு மரியாதை உண்டு. உறுப்பினர் ஒருவர் ஊடாகப் பாராளுமன்றத்துக்கு மனுவும் சமர்ப்பிக்கலாம். பெப்ரல் போன்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்புகளுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

உள்ளூர் சபைக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சபையில் ஓர் உறுப்பினர் பிரேரணை கொண்டுவந்து, "இந்த முறையைப் பரிசீலிக்க வேண்டும்" என்று தீர்மானம் நிறைவேற்றினால், அதன் பிரதி உங்கள் கடிதத்தோடு போகும்போது பாரம் கூடும். பொதுமக்கள் பகுதியில் இருந்து சபைக் கூட்டத்தைப் பாருங்கள். யார் வாசித்துவிட்டுப் பேசுகிறார், யார் கத்துகிறார் என்று இரண்டு கூட்டத்தில் தெரிந்துவிடும். வாசிக்கிறவரைப் பிடியுங்கள்.

பாராளுமன்றம் தேர்தல் சீர்திருத்தத்துக்கு அவ்வப்போது தெரிவுக்குழு அமைக்கும். 2021இல் தினேஷ் குணவர்தன தலைமையில் ஒன்று அமைந்து பொதுமக்களிடம் யோசனை கேட்டது. அடுத்தது எப்போது வந்தாலும், அறிவித்தல் வந்த பிறகு எழுதத் தொடங்கினால் பிந்திவிடும். ஒரு பக்க யோசனையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இப்போதே தயாராக வைத்திருங்கள். எங்களுடையதன் சாரம் இது:

"வட்டார வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று வரிசையிட அனுமதி வேண்டும். புள்ளடி மட்டும் இட்டால் அதை முதல் விருப்பாகக் கொள்ள வேண்டும். வட்டாரத்தில் எவருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால், கடைசியில் நிற்பவரை நீக்கி அடுத்த விருப்பை எண்ண வேண்டும். பட்டியல் ஆசனக் கணக்குக்கு முதல் விருப்பு மட்டும் எடுக்கப்பட வேண்டும். பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் கை வைக்கக் கூடாது."

புள்ளடி பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். பழக்கத்தில் புள்ளடி போடுகிறவரின் வாக்கு நிராகரிக்கப்படாமல் காப்பது அந்த வரிதான். ஜனாதிபதித் தேர்தலிலும் தனிப் புள்ளடி முதல் விருப்பாகவே எண்ணப்படுகிறது.

பக்கத்து ஊரைக் கூட்டிக்கொண்டு போங்கள்

முன்பு சொன்ன பெரிய பிழை இதுதான். "தரவரிசை வந்துவிட்டால் பட்டியல் தேவையில்லை, எல்லாம் வட்டாரமாகட்டும்" என்று சிலர் உற்சாகத்தில் சொல்வார்கள். தயவு செய்து அதற்கு உடன்படாதீர்கள். ஒரு வட்டாரத்துக்கு ஓர் ஆசனம் என்றால், எப்படி எண்ணினாலும் அங்கே சிறுதொகையாக இருக்கிற சமூகம் தோற்கத்தான் செய்யும். தமிழ் ஊருக்குள் இருக்கிற முஸ்லிம் தெரு, முஸ்லிம் ஊரின் ஓரத்தில் இருக்கிற தமிழ்த் தெரு, அம்பாறைப் பக்கம் சிங்களக் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிற தமிழ்க் கிராமம், இவர்களுக்குப் பட்டியல்தான் கதவு. அதைப் பூட்டிவிட்டு நாம் சீர்திருத்தம் பேச முடியாது.

இன்னும் நல்ல வழி உண்டு. ஓர் இடத்திலிருந்து இரண்டு மூன்று பேரைத் தெரிவு செய்து, அதற்கு வரிசை வாக்கை வைப்பது. ஸ்கொட்லாந்தின் உள்ளூர்ச் சபைகளில் 2007 முதல் அப்படித்தான். நம் மூத்தவர்களுக்கு இதன் பாதி பழக்கமானது. 1960 முதல் 1977 வரை மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்தது. 1977இல் பொத்துவிலும் அப்படியானது. ஒரே தொகுதியிலிருந்து தமிழர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் போன காலத்தை அவர்கள் சொல்லக் கேளுங்கள். இன்றைக்கும் பல அங்கத்தவர் வட்டாரங்கள் சில உள்ளன. பரிசோதனையை அங்கே தொடங்கும்படி கேட்கலாம்.

பிளவு என்ன செய்யும் என்பதற்கு அம்பாறைக்காரர்களிடம் வெளி உதாரணம் தேவையில்லை. 2020 ஓகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலில் திகாமடுல்ல (அம்பாறை) தேர்தல் மாவட்டத்தில் இரண்டு தமிழ்த் தரப்புகள் தனித்தனியே நின்றன. ஒவ்வொன்றும் எடுத்தது 25,000க்கும் 30,000க்கும் இடையில். இரண்டுக்கும் ஆசனம் இல்லை. சேர்ந்திருந்தால் ஒன்று கிடைத்திருக்கும். அங்கே போட்டியிட வேண்டாம் என்று ஒருவரைத் தடுப்பது என் நோக்கமில்லை. "இவர் இல்லாவிட்டால் அவர்" என்று எழுத மக்களுக்கு ஓர் இடம் இருந்திருந்தால் போதும்.

அதனால் முதல் குழுவிலேயே காத்தான்குடி, ஓட்டமாவடி, அக்கரைப்பற்று என்று உங்களுக்கு அருகில் உள்ள முஸ்லிம் ஊரிலிருந்து இரண்டு பேரையாவது சேருங்கள். எல்லாம் முடிவான பிறகு கையெழுத்துக்குக் கூப்பிடுவது மரியாதையில்லை. அம்பாறையில் சிங்கள நண்பர்களையும் அப்படியே சேருங்கள்.

கேட்கப்போகும் கேள்விகள்

"எண்ண நாளாகும்." உள்ளூராட்சியில் வட்டாரத்துக்கு வட்டாரம் எண்ணுவதால் சில ஆயிரம் சீட்டுகள்தான். கையால் முடியும். ஆனால் ஒரு வட்டாரத்தில் இரண்டு மூன்று நிலையங்கள் இருந்தால், எல்லாவற்றின் முதல் தொகையையும் சேர்த்த பிறகுதான் கடைசியாளை நீக்கலாம். இதை உங்கள் யோசனையில் நீங்களே எழுதிவிடுங்கள்.

"படிக்காத சனம் குழம்பும்." இதற்கு எனக்குக் கோபம் வரும், ஆனாலும் பொறுமையாகத்தான் பதில் சொல்கிறேன். பப்புவா நியூகினியில் 2007 பொதுத்தேர்தல் முதல் மூன்று பேரை வரிசையிடுகிறார்கள். எங்கள் பாயில் 45 பேரில் ஒருவர்தான் வரிசையை இடையில் விட்டார்.

"வெளிநாட்டில் கைவிட்டுவிட்டார்களே." அதுவும் உண்மை. பிரித்தானியா 2011இல் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தது. இலண்டன் மேயருக்கு 2000 முதல் 2021 வரை இருந்த இரண்டு விருப்பு முறையை 2022இல் சட்டம் போட்டு எடுத்தார்கள். மறைக்காதீர்கள். அயர்லாந்தில் நூறு வருடத்துக்கு மேலாக வரிசையிட்டு வாக்களிப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவைக் கேட்பவரிடம் விடுங்கள்.

எப்போது செய்வது?

தேர்தல் அறிவித்த பிறகு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அப்போது நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒரு வேட்பாளருக்காக என்று எடுக்கப்படும். ஒலிபெருக்கி வைத்தால் பொலிஸ் அனுமதி எடுங்கள். அரச உத்தியோகத்தர்கள் தங்களுக்கான விதிகள் அடங்கிய தாபனக் கோவையைப் பார்த்துவிட்டு வரட்டும். குழுவில் இருப்பவர் வேட்பாளராக நிற்க விரும்பினால், அன்றே குழுவிலிருந்து விலகச் சொல்லுங்கள். எங்களில் ஒருவர் அப்படி விலகினார். இன்றும் நல்ல நண்பர்.

தேர்தலே நடக்காமல் போகும் ஆபத்தையும் மறக்காதீர்கள். 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்த பிறகும், மக்கள் வாக்களிக்க 2025 மே வரை காத்திருந்தார்கள். கல்முனை மாநகர சபைக்கு அன்றைக்கும் தேர்தல் நடக்கவில்லை. அங்கே போய் முறையைப் பற்றிப் பேசும்போது, "முதல்ல தேர்தலை வைக்கச் சொல்லுங்க தம்பி" என்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம். அந்தக் கோரிக்கையை உங்கள் கடிதத்தின் முதல் வரியாகப் போடுங்கள்.

எங்கள் சங்கச் செயலாளர் அந்த 45 சீட்டுகளையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் திறந்து காட்டுவார். போன மாதம் பக்கத்து ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தார் நாலு பேர் வந்து, பாயை விரித்து, ஒவ்வொரு சீட்டாக மறுபடி எண்ணினார்கள். 26தான் வந்தது. தங்கள் தலைவர் தெரிவுக்கு எத்தனை சீட்டு வெட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.